மூன்று ஷிப்டு மாத்திரை

நெய்வேலி,
6-3-1966

அன்பு மகள் காந்திமதிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

உன் மாமியாரை நேற்று விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து அனுப்பினேன். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அவர் திண்டிவனம் வந்து சேர்ந்திருப்பார். அவர் வாயால் கேட்டு நீ சிரிப்பதற்குள், இங்கே எனக்கு நடந்த மானக்கேட்டை நானே எழுதிவிடுகிறேன். சொந்தக் கையால் எழுதினால் கொஞ்சம் கௌரவமாக எழுதிக்கொள்ளலாம் அல்லவா.

சம்பந்தியம்மாள் மைன்ஸைப் பார்க்க வேண்டும் என்றார். மேட்டில் நின்று வேடிக்கை பார்க்கிற இடத்துக்கு அழைத்துப் போனேன். அன்றைக்கு எனக்கு வார லீவு. இருந்தாலும் காக்கிச் சட்டையும் தலையில் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் போனேன். கீழே ஜெர்மன் மெஷின் மண்ணை வாரி, ஓடுகிற பெல்ட்டில் கொட்டிக்கொண்டு இருந்தது. "அதோ அந்தச் சக்கரம் இருக்குது பாருங்க, இப்படி ஒரு திருப்பு திருப்பினா போதும், ஒரு வூடு அளவுக்கு மண்ணு வந்துடும்" என்று கையை முறுக்கிக் காட்டினேன். "அப்ப இத்தெ நீங்கதான் ஓட்டறீங்களா அண்ணே?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மீசையை மட்டும் தடவினேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன வயது இன்ஜினீயர் நின்றிருக்கிறார். "நீ எந்த செக்‌ஷன்பா?" என்றார். "பெல்ட் ரோலருக்கு கிரீஸ் வைக்கிற செக்‌ஷனுங்க" என்றேன். அங்கே நின்றிருந்த வெளியூர்க்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மாள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "அண்ணன் மீசைக்கும் அதே கிரீஸ்தான் போல" என்றார். அப்போது உன் அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து பிளாக்குக்குக் கேட்டிருக்கும்.

மேடு ஏறி இறங்கியதில் அவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. எழுந்தால் உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. உன் அம்மா சும்மா இருக்காமல், "இவர கேளுங்க, வூட்டுக்குள்ளயே ஒரு டிஸ்பென்சரி வச்சிக்கினு இருக்காரு" என்று என் மாத்திரை டப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். நீ கல்யாணமாகிப் போன பிறகு ஆரம்பித்த பழக்கம் இது. குனிந்து குனிந்து கிரீஸ் வைத்த இடுப்பு எனக்கு. ஒரே மாத்திரையைத் தின்றுகொண்டே இருந்தால் அது களைத்துப் போகும் என்பது என் கட்சி. அதனால் காலையில், முதல் ஷிப்டுக்கு, டிஸ்பென்சரியில் தருகிற வெள்ளை மாத்திரை. மதியம், இரண்டாம் ஷிப்டுக்கு, மந்தாரக்குப்பம் கடையில் விற்கும் சிவப்புத் தாள் மாத்திரை. படுக்கும்போது, நைட் ஷிப்டுக்கு, மஞ்சள் பொட்டலத்தில் வரும் தூள். அதை என்னோடு பெல்ட்டில் வேலை செய்யும் பெரியண்ணன் மெட்ராஸ் போகும்போது வாங்கி வருவார். மூன்றும் மூன்று கம்பெனி. ஒருத்தன் ஓய்ந்தால் அடுத்தவன் வந்து வேலையை வாங்கிக்கொள்வான், எவனுக்கும் களைப்பில்லை. இதை விளக்கிச் சொன்னபோது சம்பந்தியம்மாள் முட்டி வலியை மறந்து கேட்டார். "படிச்சவங்க பேச்சே தனிதான்" என்றார். தேர்ட் பாரத்தில் தேறாதவனை இந்த உலகத்தில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். என் மானம் பாதி திரும்பி வந்தது.

அதற்கு மேல் நடந்தது சம்பந்திகளுக்குள் இருக்கட்டும். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார். மாப்பிள்ளைக்கு என் நமஸ்காரம் சொல்.

இப்படிக்கு,
அப்பா சடையப்பன்

*

திண்டிவனம்,
15-3-1966

அன்புள்ள அப்பாவுக்கு காந்திமதி வணக்கம். அம்மாவுக்கும்.

கிரீஸ் கதையை அத்தை எனக்கு மூன்று தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அந்த இன்ஜினீயருக்கு வயது குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் அரை டிராயர் போட்டிருந்தார்.

அப்பா, நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள் என்று தெரியவில்லை. அத்தை வேறு ஆளாகத் திரும்பி வந்திருக்கிறார். காலையில் எனக்கு முன்னால் எழுந்து வாசல் தெளிக்கிறார். பரண் மேல் ஏறிப் பித்தளைப் பாத்திரங்களை இறக்கினார். தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள். மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன், முட்டி சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் உங்கள் மாப்பிள்ளையும்கூட நம்பிவிட்டோம். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் வரைக்கும் நடந்தே போய்ப் படியேறி வேண்டுதலை முடிக்கிறாராம்.

வலி இல்லாததால் என்மேல் கோபமும் இல்லை. இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதத்தில் முதல் தடவையாக, "இனிமே அடுப்பு உன் பொறுப்பு. நான் கேக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். உங்கள் மாப்பிள்ளை அன்று மல்லாக்கொட்டை மண்டியிலிருந்து வரும்போது எனக்குப் பூ வாங்கி வந்தார். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவள் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பாள்.

சத்தியம் வாங்கினார் என்று எழுதியிருந்தீர்கள். என்ன சத்தியம்?

காந்திமதி

*

நெய்வேலி,
19-3-1966

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பூ என்ற இடத்தில் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். நானும் சலிக்காமல் வாசித்தேன்.

சத்தியம் என்னவென்று கேட்டால் அது எப்படிச் சத்தியம் ஆகும். முருகன் செய்த காரியத்துக்குச் சடையப்பன் பங்கு கேட்கக் கூடாது. அவருக்கு ஆறு முகம், எனக்கு ஒரு முகம்தான், அதிலும் மீசை சரியில்லை.

பெரியண்ணன் ஒலக்கூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். போகிற வழியில் உன் வீட்டுக்கு வருவார். அவர் கையில் அம்மா செய்த முறுக்கு கொடுத்தனுப்பியிருக்கிறேன். கூடவே நூல் கட்டி ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். அது சம்பந்தியம்மாளுக்குத் திருநீறு. நீ பிரிக்காமல் உன் கையாலேயே அவரிடம் கொடுத்துவிடு. மாப்பிள்ளை பார்க்க வேண்டாம். அவர் கேட்டால் நான் எந்தக் கோயில் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் சுகமாக இருந்தால்தான் நீ சுகமாக இருப்பாய் என்பது எனக்குத் தெரியாதா. ஒரு தகப்பன் வேறென்ன செய்ய முடியும்.

அப்பா

*

திண்டிவனம்,
8-4-1966

அப்பாவுக்கு,

அத்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பயப்படாமல் படியுங்கள், உயிருடன் இருக்கிறார்.

பங்குனி உத்திரத்தன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான் குடித்தார். மயிலம் வரைக்கும் நடந்தார், படி ஏறினார். வழியெல்லாம் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். திரும்பி வந்து வாசலில் கால் கழுவும்போது வாந்தி எடுத்தார். காபித் தூளைக் கரைத்துக் கொட்டினது போல இருந்தது. இரண்டாவது தடவை சிவப்பாகவே வந்தது. மண்டி வண்டியில் படுக்க வைத்துத்தான் கொண்டுபோனோம். உங்கள் மாப்பிள்ளை ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தார்.

வயிற்றில் புண் இருக்கிறது, அது கசிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஏதாவது மாத்திரை, மருந்து சாப்பிட்டீர்களா என்று அத்தையிடம் இரண்டு தடவை கேட்டார். "முருகனைத் தவிர எதுவும் உள்ளே போவலைங்க" என்று அத்தை சொன்னார். அப்படியானால் காரம் அதிகமாகச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். அத்தை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். உங்கள் மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அது மிளகாய் என்று முடிவாகிவிட்டது. நெய்வேலிக் குழம்பு என்று தெருவில் பெயரே வைத்துவிட்டார்கள். "அடுப்ப உன் கையில குடுத்த ஒரு மாசத்துல எங்கம்மாவ படுக்க வச்சிட்டியே" என்று அவர் சொன்னார். நான் மிளகாய் குறைவாகத்தான் போடுகிறேன் அப்பா. ஆனால் அளந்து போடவில்லை. அதனால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் கஞ்சி கொண்டுபோனால் உங்கள் மாப்பிள்ளை அதைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுத்து ருசி பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் அத்தைக்கு ஊட்டுகிறார்.

காந்திமதி

*

நெய்வேலி,
11-4-1966

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்து நானும் அம்மாவும் சாப்பிடவில்லை. கடவுள் காப்பாற்றுவார். ரத்தம் கொடுத்த மாப்பிள்ளை நல்லவர். கோபத்தில் பேசியதை மனதில் வைக்காதே.

நீ வருத்தப்படக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். உன் கை கொஞ்சம் காரம்தான் காந்தி. நீ சின்னப் பெண்ணாக இருக்கும்போது வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு நான் ஷிப்டு முழுக்கத் தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே வேலை பார்த்தது நினைவிருக்கிறதா. பெரியவர்கள் வயிறு தாங்காது. இனி மிளகாயைப் பாதியாகக் குறைத்துக்கொள். புளியையும் குறை. மாமியார் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டால் மாப்பிள்ளையும் இறங்கி வந்துவிடுவார். குற்றம் யார் பேரில் என்பதா முக்கியம், குடும்பம்தானே முக்கியம்.

சம்பந்தியம்மாள் ஆஸ்பத்திரி மருந்து தவிர வேறு எதுவும் சாப்பிடாமல் பார்த்துக்கொள். நான் அனுப்பிய அந்தத் திருநீறு தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். தீர்ந்துவிட்டதா என்று நாசூக்காகக் கேட்டு எழுது. பிரமாதமாக ஒன்றுமில்லை, சும்மாதான்.

அப்பா

*

நெய்வேலி,
16-4-1966

காந்தி,

இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி. படித்தவுடனே எழுந்து சம்பந்தியம்மாளின் பெட்டி, சுருக்குப் பை, தலையணை எல்லாவற்றிலும் தேடு. வெள்ளை மாத்திரை, சிவப்புத் தாள் மாத்திரை, மஞ்சள் பொட்டலம், எது கிடைத்தாலும் எடுத்துவிடு. டாக்டரிடம் காட்டு. அதற்கு அப்புறம் மீதியைப் படி.

நான் அனுப்பியது திருநீறு இல்லை. அவர் பஸ் ஏறும்போது முந்தானையில் முடிந்துகொள்ளக் கொடுத்ததும் அதுதான். முட்டி தேறியது முருகனால் இல்லை. முருகனால்தான் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஆசையாக இருந்தது. அந்த வயதில் மாத்திரை தின்கிறாள் என்று தெருவில் பேசுவார்கள், மகன் திட்டுவான் என்று பயம். அதற்குத்தான் சத்தியம். எனக்கும் அது வேடிக்கையாக இருந்தது. முருகனுக்கு நான் சப்ளை பண்ணுகிறேன் என்று உன் அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

ரெண்டு வாரமாக எனக்குக் காதில் ஒரே இரைச்சல். மெஷின் பக்கத்தில் வேலை, அதுதான் என்று இருந்துவிட்டேன். நேற்று வார லீவு. வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்கிறது. "என்னா, பெல்ட்டு நம்ம வூட்டாண்டயே வந்துடுச்சா?" என்று அம்மாவைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றாள். டிஸ்பென்சரிக்குப் போனேன். கம்பவுண்டர் சிங்காரவேல் என்னென்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். நானும் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி டப்பாவை எடுத்து வைத்து மூன்று ஷிப்டையும் விளக்கினேன்.

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சிவப்புத் தாளை நீட்டி, "பேர விடு. அடியில பொடி எழுத்து இருக்குதே, அதக் கூட்டிப் படி" என்றார். எழுத்துக் கூட்டினேன். ஆஸ்பிரின் என்று வந்தது. மஞ்சள் பொட்டலத்தையும் படிக்கச் சொன்னார். அதிலும் ஆஸ்பிரின். தான் கொடுக்கும் வெள்ளை மாத்திரையிலும் அதுதான் என்றார். "கம்பெனிதான் வேற, பேருதான் வேற. சரக்கு ஒண்ணு. ஒரே ஆளு சட்டைய மாத்திக்கினு மூணு ஷிப்டும் வந்திருக்கான். நீ மூணு பேருன்னு நெனச்சிக்கினு இருக்கே. ஒருத்தன் செய்ய வேண்டிய வேலைய மூணு மடங்கா செஞ்சா வயிறு தாங்குமா? காது அலறாதா?" என்றார்.

வலி என்றால் ஏதாவது ஒரு பேரோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமாம். இன்னொரு பேரைச் சேர்ப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பது என்ன என்று படிக்க வேண்டும், படிக்கத் தெரியாவிட்டால் கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் கூடாது. வயசானவர்களும், வயிற்றுப் புண் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. உள்ளே ரத்தம் கசியும் என்றார். "வேற யாருக்காவது குடுத்தியா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். வாய் அப்படித்தான் சொன்னது.

தந்தி கொடுக்கலாம் என்று தபாலாபீஸ் வரைக்கும் போனேன். தந்தி வந்தால் உங்கள் தெருவே கூடிவிடும், மாப்பிள்ளை கையில்தான் முதலில் போகும். அதனால் எக்ஸ்பிரஸ் கடிதமாகப் போடுகிறேன்.

காந்தி, ஒரு வேண்டுகோள். டாக்டர் கேட்டால் மாத்திரை சாப்பிட்டார் என்று சொல். யார் கொடுத்தது என்று மாப்பிள்ளை கேட்டால், கடையில் வாங்கியிருப்பார் போல என்று சொல்லிவிட முடியுமா? சம்பந்தி வீட்டில் நான் பிறகு எந்த முகத்தோடு வந்து உட்காருவேன்?

அப்பா

*

திண்டிவனம்,
19-4-1966

அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொட்டலம் தீரவில்லை. முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது.

அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. முட்டி வலிக்கிறது என்று மறுபடியும் தொடங்கிவிட்டார். உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்கூட ஒரு சிவப்புத் தாள் மாத்திரை போட்டிருக்கிறார். வலி அதிகமாக இருந்தால் மூன்றையும் ஒன்றாகவே போட்டுக்கொள்வாராம். மூன்று ஷிப்டு ஆளும் சேர்ந்து வந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று என்னிடமே விளக்கினார். உங்கள் வார்த்தைதான். தந்தி கொடுத்திருந்தால் அந்தக் காலை மாத்திரையும் உள்ளே போயிருக்காது. தெரு கூடினால் கூடட்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் கொட்டி, இதுதான் காரணம் என்றார். நிறுத்தாமல் இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்னிடம் கொண்டுவர வேண்டிய அவசியமே இருந்திருக்காது என்றார். வேறு மருந்து கொடுத்திருக்கிறார். அத்தை இப்போது தேவலை.

மிளகாய்மேல் இருந்த பழி போய்விட்டது, அப்பா. ஆனால் என்மேல் இருந்தது போகவில்லை. "யாரு வாங்கிக் குடுத்தது?" என்று அவர் கேட்டார். அத்தை சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கடையில் வாங்கியிருப்பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தைக்கு எந்தக் கடையில் கணக்குப் பார்த்து வாங்கத் தெரியும்? நான் பேசாமல் நின்றேன். நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். உன் கையால்தானே அந்தப் பொட்டலத்தைக் கொடுத்தாய், நான் பார்த்தேன் என்றார். அது உண்மைதானே. என் கையால்தான் கொடுத்தேன்.

கொடுக்கும்போது மோந்து பார்த்தேன். திருநீற்று வாசனை வரவில்லை. ஆனாலும் பிரிக்கவில்லை. என் அப்பா என்னை வைத்துப் பொய் அனுப்ப மாட்டார் என்று நினைத்தேன்.

மாமியார் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். அந்தக் கடிதம் வந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் எல்லோரும் பார்க்கக் கேட்டேன். அத்தை காலை இழுத்துக்கொண்டார். ஏன் இழுத்துக்கொண்டார் என்று இப்போதுதான் புரிகிறது.

வருகிற வெள்ளிக்கிழமை என்னை நெய்வேலியில் கொண்டுவந்து விடுவதாக உங்கள் மாப்பிள்ளை சொல்கிறார். எவ்வளவு நாளைக்கு என்று சொல்லவில்லை. நான் வாயைத் திறக்க மாட்டேன். உங்களைப் பற்றி இந்த வீட்டில் நான் சொல்லி ஒருவருக்கும் தெரிய வேண்டாம். அதற்குள் நீங்கள் வந்து சொன்னால் சொல்லுங்கள். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் வந்து நில்லுங்கள், என் டிரங்குப் பெட்டியைத் தூக்க.

காந்திமதி

*

நெய்வேலி,
24-4-1966

அன்பு மகள் காந்திமதிக்கு,

உன்னைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் ஆகிறது. நீ சமையலறையிலேயே இருந்துவிட்டதால் கூடத்தில் நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் கேட்டிருக்கும். மாப்பிள்ளை உன்னிடம் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பஸ்ஸில் வரும்போது பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒரு தமாஷும் வைத்திருந்தேன். திண்டிவனத்தில் இறங்கும்போது எல்லாம் பறந்துவிட்டது. மாப்பிள்ளை வாசலில் நின்றிருந்தார். "வாங்க மாமா. வெள்ளிக்கிழமை நாங்களே வரதா இருந்தோமே" என்றார். செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் காபி வரும், காபி வந்தால் தைரியம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். "அந்த மாத்திரைய குடுத்தது நான் மாப்ள. ரெண்டு தடவையும் நான்தான். காந்திக்குத் தெரியாது. திருநீறுன்னு பொய் சொல்லி அவ கையில அனுப்பினேன்" என்றேன்.

உள்ளேயிருந்து சம்பந்தியம்மாள்தான், "இன்னாத்துக்கு அண்ணே சொன்னீங்க?" என்று அழாத குறையாகக் கேட்டார். "நான் வாயத் தொறக்காம இருந்தேனே. தெருவெல்லாம் முருகன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப இன்னான்னு சொல்லுவேன்?"

"என்மேல சொல்லிடுங்க சம்பந்தி. நெய்வேலியில ஒரு முட்டாள் இருக்கான், அவன் குடுத்தான்னு சொல்லிடுங்க."

"அத்தெ யாரு நம்புவாங்க? உங்கள படிச்சவர்னு சொல்லி வச்சிருக்கேனே" என்றார்.

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர் கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார். "இத்தெ நீங்க ஒரு கார்டுல எழுதிப் போட்டிருக்கலாம் மாமா. அவ இந்த வூட்டுல நல்லா சோறு தின்னு எத்தினி நாள் ஆவுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? நான் கஞ்சிய கண்டவங்ககிட்ட குடுத்து ருசி பார்க்கச் சொன்னேன். அவ கிட்டவே நின்னுக்கினு இருந்தா." எழுந்து சமையலறைப் பக்கம் போனார். உன்னிடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. காதில் இரைச்சல் இன்னும் முழுக்கப் போகவில்லை. அது ஒரு விதத்தில் நல்லதுதான். அவர் திரும்பி வந்து, "வெள்ளிக்கிழமை யாரும் எங்கயும் போவல" என்றார். அப்புறம் என்னைச் சாப்பிடச் சொன்னார். என்னை மன்னித்தார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இலை போட்டார், அவ்வளவுதான். அது போதும்.

நீ வைத்த குழம்பில் காரமே இல்லை காந்தி. நான் அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

டப்பாவைக் காலி பண்ணிவிட்டேன். சிங்காரவேலிடம் போய், அன்றைக்கு இல்லை என்று சொன்னது பொய் என்றும் சொல்லிவிட்டேன். "போய்யா, அது உன் மூஞ்சியிலயே எழுதி இருந்தது" என்றார். இடுப்புக்கு உன் அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாள். பெல்ட்டில் என்னைப் பார்த்து மூன்று ஷிப்டு முறைக்கு மாறியவர்கள் நாலு பேர். ஒவ்வொருவரிடமும் போய்ப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லி நிறுத்த வைத்திருக்கிறேன். பெரியண்ணன் மட்டும், "முந்தி நீதான சொன்னே" என்று கேட்கிறார். நானேதான், அதனால்தான் இப்போது வந்து சொல்கிறேன் என்கிறேன்.

நீ என்னோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாய். கிளம்புகிற நேரத்தில், "இன்னும் ஏதாவது சொல்லணுமாப்பா?" என்று கேட்டாய். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி நான் போய் ஏறிக்கொண்டேன். அது நெய்வேலி வழியாகப் போகிற விருத்தாசலம் பஸ்கூட இல்லை. செஞ்சி போகிற பஸ். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து திரும்பி வந்தேன். அதற்குள் நீ போய்விட்டிருந்தாய்.

மாப்பிள்ளை வீட்டில் நான் சொன்னது எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு எப்போது தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கம்பவுண்டர் சொல்லித்தான் தெரியும் என்று நீயும் நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

சம்பந்தியம்மாள் காபித் தூள் நிறத்தில் வாந்தி எடுத்தார் என்று நீ எழுதிய கடிதத்தைப் படித்தபோதே என் கண் அந்த டப்பாவுக்குத்தான் போயிற்று. எனக்கே ஒரு மாதமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. டிஸ்பென்சரி அடுத்த தெருவில்தான் இருக்கிறது, அன்றைக்கே போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. கடிதத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். உன்மேல் பழி போட்டார்கள், மிளகாய்தான் காரணம் என்று முடிவாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அழுதாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது காந்தி.